உருட்டும் தேரும் ஊரும் தேரும்

(செஞ்சியில், அன்பர் ஒருவர்தம் மகளின் முதலாண்டுப் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

   

ஓராண்டு நிறைந்த குழந்தையை வாழ்த்த வந்திருக்கிறோம். வாழ்த்து நம் வாயளவில் நின்றுவிடுவதில்லை. கையிலும் ஏதேனும் ஒன்றைக் கொண்டு வருகிறோம். இதோ, இம்மேடையின் ஓரத்தில் பளபளக்கும் தாள் சுற்றிய பெட்டிகள் குவிந்திருக்கின்றன. அவற்றை யான் குறைகூற வந்தேன் அல்லேன். கொடுத்தவர்களின் அன்பு பெரிது. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்க விழைகின்றேன். குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? கடைக்குச் செல்கிறோம். கண்ணைப் பறிப்பது எதுவோ, ஓசை எழுப்புவது எதுவோ, பெரிய பெட்டியில் அடைபட்டிருப்பது எதுவோ அதனை வாங்கி வருகிறோம். பெட்டி பெரிதாயிருந்தால் கொடுப்பவர்க்குப் பெருமை. ஓசை எழுந்தால் பார்ப்பவர்க்கு வியப்பு. குழந்தைக்கு என்ன என்பதை மட்டும் எவரும் எண்ணுவதில்லை.

இதனைப் பிறர்மேல் வைத்துப் பேசுதல் எளிது. எனவே என்மேல் வைத்தே தொடங்குகின்றேன்.

யான் பிறந்த ஆண்டில், என் தந்தையார் தச்சர் ஒருவரிடம் சொல்லி ஒரு நடைவண்டி செய்வித்தார். மூன்று உருளை, நிமிர்ந்த சட்டம், பற்றிக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவே. அதைப் பற்றிக்கொண்டு யான் நடந்தேன். எனக்குப் பின் பிறந்தோர் இருவரும் நடந்தனர். அண்டை வீட்டுப் பிள்ளைகள் நடந்தனர். பிறகு அது பரணேறியது. 1998-இல் என் மகள் பிறந்தாள். ஒன்பது மாதக் குழந்தையாய் அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கல்லூரியில் கற்றவன், மாதச் சம்பளம் வாங்குபவன் என்னும் செருக்கில், பரணிலிருந்த அம்மரவண்டி எனக்கு இழிவாகத் தோன்றியது. நகரத்துக் கடையொன்றில் நெகிழியாலான உருள்நாற்காலி ஒன்றை வாங்கி வந்தேன். குழந்தையை நடுவிலுள்ள துணித்தொட்டியில் இருத்திவிட்டால் போதும். கால்விரலால் உந்தி உந்தி வீடெங்கும் ஓடும். முன்னே வண்ணமணிகள், அழுத்தினால் பாட்டு. ஊரே வந்து பார்த்தது. பழைய நடைவண்டியை அவ்வாண்டுப் போகியன்று எரித்துவிட்டேன். என் அன்னையார் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு கிழமை கழிந்தன. ஒரு மாலை, யான் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் என்னருகே, இரண்டு முழத் தொலைவில்தான், அவ்வண்டியில் இருந்தாள். சிவப்பு மையைத் தொட்டு ஒரு மதிப்பெண்ணை எழுதி முடிப்பதற்குள், வண்டி திண்ணையின் விளிம்பைக் கடந்து மூன்று படிகளில் உருண்டு கல்லில் மோதிற்று. நெற்றியில் நான்கு தையல். இன்றும் அவள் வலப்புருவத்தின்மேல் அத்தழும்பு உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவில்தான் என் அன்னையார் வாய்திறந்தார். "உன் அப்பா செய்துவைத்த வண்டி ஓடாதடா, நடக்கும். அதனால்தான் அதற்கு நடைவண்டி என்று பெயர்" என்றார்.

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் யான். சொல்லுக்குப் பொருள் சொல்லி ஊதியம் பெறுபவன். ஆனால் அந்த ஒரு சொல்லின் பொருளை, எழுத்தறியாத என் தாயாரிடமிருந்தே அன்றிரவு கற்றேன். நடைவண்டி என்பது வெறும் பெயரன்று. அப்பொருளின் இலக்கணமே அது.

பெருமக்களே! இவ்விலக்கணம் நேற்று வந்ததன்று. பத்துப்பாட்டுள் பெரும்பாணாற்றுப்படை என்றொரு பாட்டு உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதில் உழவர்தம் வளமனை ஒன்றைக் காட்டுகிறார் புலவர். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே விரும்பத்தக்க அழகோடு செய்யப்பட்ட ஒரு சிறுதேர் அங்கே இருக்கிறது. தச்சன் மகன் நாள்தோறும் மரவேலை பார்ப்பவன். அவனே ஆசைப்படுகிறான் என்றால் அதன் வேலைப்பாடு எத்தகையதாய் இருந்திருக்கும்! அத்தேரை உருட்டி உருட்டி, தளர்நடைப் பருவத்துச் சிறுவர் களைத்துப் போகின்றனர். செவிலியிடம் பால் அருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். இங்கே ஒரு நுட்பத்தைக் காணுங்கள். அத்தேர் ஏறி ஊர்வதற்கு உரியதன்று, உருட்டுவதற்கு உரியது என்பதைப் புலவர் தெளிவாகவே சொல்லிவைத்திருக்கிறார். ஊரும் தேர் வேறு. உருட்டும் தேர் வேறு. ஊரும் தேரில் தேர் உழைக்கும், குழந்தை வாளா இருக்கும். உருட்டும் தேரில் குழந்தை உழைக்கும். உழைத்ததனால் களைப்பு, களைத்ததனால் பசி, பசித்துண்டதனால் நல்ல உறக்கம். யான் என் மகளுக்கு வாங்கித் தந்தது ஊரும் தேர்.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையிலும் சிறுதேர் வருகிறது. புகார் நகரத்துக் கடற்கரைப் பாக்கம். முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைக் கவர வந்த கோழியைக் காதணியைக் கழற்றி எறிந்து ஓட்டுகிறாள் ஒருத்தி. அந்தக் கனத்த பொற்குழை, குதிரையில்லாமலே சிறுவர் உருட்டிவரும் தேரின் வழியைத் தடுக்கிறது. அங்கே அத்தேருக்குச் சொல்லப்பட்ட கால்கள் எத்தனை? மூன்று. இன்றும் நம் நடைவண்டிக்கு உருளை மூன்றுதானே! உழவர் ஊரிலும் தேர் உண்டு. துறைமுக நகரிலும் தேர் உண்டு. பொன் விளையாடிய நகரிலும் குழந்தை உருட்டியது சிறுதேரைத்தான்.

நம் செஞ்சிக்கு அண்மையில் உள்ள திண்டிவனத்தை ஒட்டியது கிடங்கில். அதனை ஆண்ட ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அப்பாட்டில் கொற்கையைச் சொல்லுமிடத்தில் ஓர் அழகிய காட்சி. உப்பு விற்கும் பெண்களின் பிள்ளைகளோடு குரங்குகள் விளையாடுகின்றன. எதை வைத்து? கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி! முத்தின் விலை குரங்குக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. இருவர்க்கும் தெரிந்தது ஓசை ஒன்றே. விலையைக் கொண்டு ஆட்டப்பொருளை மதிப்பிடும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமோ?

ஏட்டுச் சான்றோடு நிற்கவும் வேண்டா. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும், பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும், பகடைகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. அங்குக் கிடைத்த கரிமத் துண்டொன்றின் காலத்தைக் கி.மு. 580 என்று கணித்து, 2019-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. உடைந்த பானையை வீசிவிடாமல் சில்லாக்கினானே, அவன் நம் முன்னோன். இற்றை நாளில் உடைந்த நெகிழி வண்டியைச் சில்லாக்க முடியுமா? அது குப்பைமேட்டுக்குப் போகும். அங்கிருந்து மாட்டின் வயிற்றுக்குப் போகும். எரித்தால் நச்சுப்புகையாய் நம் மூச்சுக்கே திரும்பும்.

இனி மருத்துவ அறிவியல் சொல்வதைக் கேளுங்கள். குழந்தை அமர்ந்து ஓட்டும் உருள்நாற்காலி ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் பாய வல்லது. எந்தத் தாயின் கையும் அவ்விரைவில் நீளாது. யான் இரண்டு முழத் தொலைவில் இருந்தும் பயனில்லாமற் போன கரணியம் இதுவே. மேலும், அதில் இருக்கும் குழந்தை தன் பாதத்தைத் தானே காண்பதில்லை. முழு எடையையும் காலில் தாங்குவதில்லை. விரல் நுனியால் உந்தப் பழகுகிறது. ஆகவே அது நடையை விரைவுபடுத்துவதும் இல்லை. சில குழந்தைகட்குத் தாழ்த்தவும் கூடும். இவற்றையெல்லாம் ஆய்ந்த கனடா நாடு, 2004-ஆம் ஆண்டில் அவ்வண்டியின் விற்பனையையும் இறக்குமதியையும் அறவே தடைசெய்தது. பழைய வண்டியைக் கைமாற்றி விற்பதுகூட அங்கே குற்றம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் தம் நாட்டில் அத்தகைய தடை வேண்டுமென நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். எழுந்து நின்று தள்ளும் வண்டியை அவர்கள் விலக்கவில்லை.

அப்படியானால் நடைவண்டி என்று பெயரிட்டு விற்பதெல்லாம் நல்லதோ? அன்று. இந்த விழாவுக்காக யான் நம் ஊர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் முதிய தச்சர் ஒருவரை நாடிச் சென்றேன். "ஐயா, நடைவண்டி செய்து ஏழெட்டு ஆண்டாகிறது. கதவும் நிலையும்கூட இப்போது ஆலையிலிருந்து வந்து இறங்குகின்றன. என் உளிக்கு வேலை ஏது?" என்றார். பிறகு பூவரசங்கட்டை ஒன்றைத் தேடியெடுத்தார். வேலை நடக்கும்போது யான் என் புலமையைக் காட்டப் புகுந்தேன். "உருளை எண்ணெயிட்டாற்போல் வழுக்கிச் சுழல வேண்டாமா?" என்றேன். அவர் சிரித்தார். "வேண்டாம் ஐயா. அச்சில் உருளை சற்று இறுகியே இருக்க வேண்டும். குழந்தை தள்ளினால் நகர வேண்டும். தள்ளாவிட்டால் நிற்க வேண்டும். வழுக்கி ஓடினால் வண்டி முன்னே போகும், பிள்ளை முகங்குப்புற விழும்" என்றார்.

அவர் சொன்ன மற்றவற்றையும் சொல்கிறேன். செய்விக்க விரும்புவோர்க்குப் பயன்படும். அடிச்சட்டம் கனமாயிருத்தல் வேண்டும். இலேசாக இருந்தால் குழந்தை பற்றி எழும்போதே வண்டி பின்புறம் சாயும். பின்னுருளை இரண்டும் நன்கு அகன்றிருத்தல் வேண்டும். கைப்பிடி குழந்தையின் மார்புயரத்தில் அமைய வேண்டும். இரும்பாணி கூடாது, மரமுளையால் இறுக்கினால், தளர்ந்தபோது மீண்டும் அடித்துக்கொள்ளலாம். மூலைகள் எல்லாம் கையால் தடவிப் பார்த்து இழைக்கப்பட வேண்டும். அடுத்து வண்ணம். குழந்தை முதலில் செய்வது கடித்துப் பார்ப்பது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என 2016-இல் நம் நாட்டில் விதி செய்யப்பட்டது; 2017 நவம்பர் முதல் அது நடப்புக்கு வந்தது. ஆயினும் தெருவோரத்தில் விற்கும் பொருளின்மேல் என்ன பூசியிருக்கிறது என்பதை யார் அறிவார்? காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆதலால் இவ்வண்டிக்கு வண்ணமே வேண்டாவென்று தேங்காயெண்ணெய் மட்டும் தேய்க்கச் செய்தேன். அவர் கேட்ட கூலி, கடையில் பார்த்த மின்கல வண்டி ஒன்றின் விலையினும் குறைவு.

"நடைவண்டி ஒன்றுதானா? எல்லாரும் அதையே கொடுத்தால் வீடு வண்டிப் பேட்டை ஆகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் முன்னோர் பருவத்துக்கேற்ற ஆட்டப்பொருள்களை நிரலாக வைத்துள்ளனர். பிள்ளைத்தமிழ் இலக்கணத்தைப் பாருங்கள். பத்துப் பருவங்களுள் காப்பு முதலாய ஏழும் இருபாலார்க்கும் பொது. ஆறாவதாகிய வருகை, குழந்தையை நடந்துவா என்றழைப்பது. அதுவே இன்று இக்குழந்தை நிற்கும் பருவம். இறுதி மூன்றில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும் வைத்தனர். பெண்பிள்ளைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும் வைத்தனர். இப்பகுப்பை மட்டும் யான் ஏற்கமாட்டேன். தேர் உருட்ட ஆண்பிள்ளைக்கு மட்டுமா கால் இருக்கிறது? என் மகளுக்கும் இருந்தது. இந்த மகளுக்கும் இருக்கிறது. கழங்காடினால் பையனின் கைவிரலும் நன்றாகவே திருந்தும்.

செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி உண்டு. ஆணும் பெண்ணுமாய் இணையாகச் செய்து திருமணச் சீராகக் கொடுத்தனர். அதற்கு வாயசைவு இல்லை, பேச்சு இல்லை. அதனால்தான் குழந்தை அதற்காகப் பேசுகிறது. பேசும் பொம்மையின் முன்னால் குழந்தை ஊமையாகிறது. ஊமைப் பாவையின் முன்னால் குழந்தை பேச்சாளியாகிறது. எந்தப் பொருள் தானே எல்லாவற்றையும் செய்கிறதோ அது குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றும் விட்டுவைப்பதில்லை. அம்பாசமுத்திரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிய மரச்செப்புகள் உண்டு. கருநாடகத்துச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் அதுபோன்றே கடைகின்றனர். பல்லாங்குழிப் பலகை உண்டு; அதில் எண்ணக் கற்ற பிள்ளை கணக்கில் பின்தங்குவதை யான் வகுப்பறையில் கண்டதில்லை. பம்பரம் உண்டு. தட்டினாலும் சாய்ந்து நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மை உண்டு. அடி கனமாயிருந்தால் விழுந்தாலும் எழலாம் என்பதைச் சொல்லாமற் சொல்லும் ஆசிரியன் அது.

ஒன்றும் வாங்க இயலாத ஏழைத் தந்தை என்ன செய்வது? நம் மண்ணில் பனை இருக்கிறது. தின்ற நுங்குக் கூந்தல் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கோல், நுங்குவண்டி ஆயிற்று! தேசிங்கின் கதையைக் கேட்டு வளர்ந்த செஞ்சிச் சிறுவர்க்குப் பனைமட்டையே போர்க்குதிரை. நுங்குவண்டி ஒரு கிழமைக்குமேல் நில்லாது என்பீர்கள். உண்மை. ஆனால் அதைச் செய்யக் கற்ற கை எழுபது ஆண்டு நிற்கும். நீடித்து நிற்றல் என்பது இருவகை. ஒன்று, பொருள் நிற்பது. மற்றொன்று, பொருளைச் செய்யும் அறிவு நிற்பது. இரண்டில் ஒன்றேனும் இல்லாத பொருளைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்குவோர் வேறு சிலவற்றையும் கருத்தில் கொள்ளவேண்டும். பதினான்கு அகவைக்கு உட்பட்டோர்க்கான ஆட்டப்பொருள்கள் இந்தியத் தர முத்திரை பெற்றிருத்தல் வேண்டுமென்னும் ஆணை 2021 சனவரி முதல் நடப்பில் உள்ளது. முறைப்படி பதிந்துகொண்ட கைவினைஞர் செய்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆலைப்பொருள் என்றால் முத்திரையைப் பாருங்கள். மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைக்கு, வாய்க்குள் அடங்கும் எதையும் கொடுக்காதீர்கள். பொத்தான் போன்ற சிறு மின்கலம் உள்ள பொருளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதனைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் வெந்துபோகும். பழம்பொருள் என்பதற்காகக் கண்மூடி ஏற்கவும் வேண்டா. சோழியும் புளியங்கொட்டையும் பல்லாங்குழிக்கு நல்லவை. ஓராண்டுக் குழந்தையின் தொண்டைக்கு எமன்.

பெருமக்களே! நம் செஞ்சிக்கோட்டை 2025 சூலையில் யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் படையரண்கள் பன்னிரண்டனுள், தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே. நமக்கெல்லாம் பெருமை. கோட்டையைக் காண வருவோர் பெருகுவர். வாயிலில் கடைகளும் பெருகும். அக்கடைகளில் என்ன தொங்கப்போகிறது? எங்கோ வார்த்த நெகிழித் துப்பாக்கியா? இவ்வூர்த் தச்சர் கடைந்த சிறுதேரும், இவ்வூர்ப் பெண்கள் முடைந்த பனையோலைக் கிலுகிலுப்பையுமா? கல்லை உலகம் காக்கும். அதற்குப் பட்டியல் இருக்கிறது. உளி பிடிக்கும் கையை நாம் அல்லவா காக்கவேண்டும்? நம் வீட்டுக் குழந்தை பிறந்தநாளுக்கு ஆண்டுக்கொருமுறை நாம் கேட்டாலே அந்தப் பட்டறையில் விளக்கெரியும். நாம் கேட்காவிட்டால் நடைவண்டி என்னும் சொல் அகரமுதலியில் மட்டும் வாழும். பொருள் போனபின் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சென்ற ஆண்டு என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கச் சென்றபோது, "அப்பா, என்ன வேண்டுமானாலும் வாங்கி வாருங்கள், அந்த உருள்நாற்காலி மட்டும் வேண்டாம்" என்றாள், தன் புருவத்தைத் தடவிக்கொண்டே. சிரித்துத்தான் சொன்னாள். யான் சிரிக்கவில்லை. எரித்த வண்டியை மீட்டெடுக்க என்னால் ஆகாது. ஆகவே அத்தச்சரிடம் இரண்டு வண்டி செய்யச் சொன்னேன். ஒன்று என் பெயரனுக்கு. மற்றொன்று, இதோ, இங்கே இருக்கிறது.

இதன் அடிச்சட்டத்தில் செய்த ஆண்டு மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. குழந்தையின் பெயரைப் பொறிக்க வேண்டாமென்று சொன்னவன் யானே. இவள் நடந்து முடித்ததும் இவள் பெயரைப் பெற்றோர் பொறிக்கட்டும். பிறகு இது பரணேறாமல் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். அங்கே நடக்கும் குழந்தையின் பெயரும் ஏறட்டும். பத்துப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார் தச்சர்.

குழந்தாய்! நீ இதில் ஏறி ஊரவேண்டா. எழுந்து நின்று உருட்டு. விழுவாய், மீண்டும் எழுவாய். வண்டி உனக்கு முன்னே ஓடாது. உன் நடைக்கே தானும் நடக்கும்.

வாழ்க நீ! வளர்க உன் நடை!